எந்த எண்ணை வைத்துச் சொல்கிறாய்?

‘இந்த எண் சரியென்றால் விடை இது, அந்த எண் சரியென்றால் விடை அது’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஏதாவது சொன்னாரா, நழுவினாரா? என் பிழைப்பு முழுக்க இப்படிப்பட்ட வாக்கியங்களில்தான் ஓடுகிறது. அதனால் இந்தக் கேள்வியைத் தத்துவம் படித்தவர்களிடம் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்க்க முடியவில்லை.

நான் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பாடம் நடத்துகிறேன். அப்பா திருப்பூரில் ஜாப் ஒர்க்குக்கு நிட்டிங் மிஷின் போட்டிருந்தவர். வட்ட மிஷினின் அடியில் குழாயாக இறங்கிச் சுருண்டுகொள்ளும் துணியைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, ஆராய்ச்சி என்று வந்தபோது நானும் ஒரு குழாய்த் துணியைத்தான் பிடித்துக்கொண்டேன்: காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் போடுகிற அழுத்தக் காலுறை. எங்கள் ஊரில் அதற்குக் கால்களைத் தேடி அலைய வேண்டாம். செக்கிங் டேபிளிலும் அயர்ன் டேபிளிலும் ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை பார்ப்பவர்களில் பலருக்குக் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்திருக்கும்.

அப்படி ஓர் அயர்ன் மாஸ்டர், அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம், என் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு நேராகவே கேட்டார். “அம்மிணி, இந்த சாக்ஸப் போட்டா செரியாயிருமுங்களா?” நான் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பின் தடிமன், அதன் இறுக்கம், தசையின் இறுக்கம் என்று ஆரம்பித்தேன். பாதி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டுமுங்க. ஆகுமா, ஆகாதா?” என்றார்.

இதே கேள்வியை, இதைவிடக் காரமாக, ஆதிசங்கரர் சமணர்களைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அதற்கு வருகிறேன். முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

அழுத்தக் காலுறையின் கணக்கு மேலோட்டத்தில் எளிது. துணியின் இழுவிசையைக் காலின் ஆரத்தால் வகுத்தால், தோலின்மேல் விழும் அழுத்தம் கிடைக்கும். லாப்லாஸ் விதி என்று பெயர். கணுக்கால் மெலிது, ஆகவே ஒரே இழுவைக்கு அங்கே அழுத்தம் அதிகம். மேலே போகப் போகக் குறையும். ரத்தத்தைக் கீழிருந்து மேலே ஏற்றிவிட வேண்டியதும் அப்படித்தான். ஆனால் வைத்தியம் தோலுக்கு இல்லையே, உள்ளே கிடக்கும் சிரைக்கு. தோலில் விழுந்த அழுத்தத்தில் எவ்வளவு கொழுப்பையும் தசையையும் தாண்டி உள்ளே போய்ச் சேர்கிறது? அதற்குத்தான் கம்ப்யூட்டரில் ஒரு கெண்டைக்காலைக் கட்டுகிறோம். எலும்பு, தசை, கொழுப்பு, தோல் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டி, எல்லாக் கட்டங்களிலும் விசை சமமாக நிற்கும்படி தீர்வு காண வேண்டும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான எஃப்.இ.பயோ என்ற மென்பொருள் இந்த வேலைக்கென்றே இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இலவசம் என்பதால் எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கும் கட்டுப்படியாகிறது.

மென்பொருள் கேட்கும் முதல் கேள்வி: கொழுப்பு எவ்வளவு இறுக்கம்? ஓர் எண்ணைக் கொடு. சங்கடம் அங்கேதான் ஆரம்பம். வெளியான ஆய்வுகளைப் புரட்டினால் ஒருவர் தரும் எண்ணுக்கும் இன்னொருவர் தரும் எண்ணுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் குதிகால் கொழுப்பை எடுத்தார், இன்னொருவர் வயிற்றுக் கொழுப்பை. ஒருவர் மெதுவாக அழுத்தினார், இன்னொருவர் வேகமாக. ஒன்று வெட்டி எடுத்த துண்டு, மற்றொன்று உயிருள்ள உடம்பை வெளியிலிருந்து அளந்தது. ஆகவே நாங்கள் ஒரே எண்ணை நம்பாமல் ஒரு வரம்பை எடுத்துக்கொண்டு, அதற்குள் எண்ணை நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்க்கிறோம். பாராமீட்டர் ஸ்டடி என்பது இவ்வளவுதான். ஐந்து பாராமீட்டர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பு என்றால் 3,125 ஓட்டங்கள். ஓர் ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் கம்ப்யூட்டர் மூன்று வாரத்துக்கு மேல் அணையாமல் ஓட வேண்டும். அதனால் ஒவ்வொரு பாராமீட்டரின் வரம்பையும் பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையும் விடுபடாதபடி சில சேர்க்கைகளை மட்டும் பொறுக்குவது வழக்கம். 1979-ல் மெக்கே, பெக்மன், கோனோவர் என்ற மூவர் எழுதிய முறை இது. லத்தீன் ஹைப்பர்கியூப் என்கிறார்கள்.

அப்பாவிடம் விளக்கியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதத்தான கண்ணு நாங்க காலம் பூரா பண்ணுனோம்?” உண்மைதான். 30 கவுண்ட் நூலை 24 கேஜ் மிஷினில் 2.8 மில்லிமீட்டர் லூப் லென்த்தில் வைத்துக் கொஞ்சம் ஓட்டுவார்கள். ரவுண்டு கட்டரில் வெட்டி நிறுத்துப் பார்த்தால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, 150-ஐத் தாண்டியிருக்கும். பிட்டர் லூப் லென்த்தைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டுவார். ஒரே ஒரு வித்தியாசம்: கடைசியில் அவர்கள் கையில் துணி இருக்கும். பையர் தொட்டுப் பார்த்துச் சரி என்பார், அல்லது ரிஜெக்ட் என்பார். என் கையில் கடைசிவரை ‘அப்படியானால்’தான் இருக்கிறது.

பாராமீட்டர்களில் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது இறுக்கம்கூட இல்லை. தொடக்க நிலைதான். எதையாவது இழுத்து எவ்வளவு நீண்டது என்று சொல்ல, இழுக்காதபோது எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். பின்னல் துணியில் அதற்கு விடையே கிடையாது. மிஷினிலிருந்து இறங்கும்போது ஒரு அகலம். ஒரு ராத்திரி தரையில் விரித்துப் போட்டால் வேறொன்று. சாயப்பட்டறைக்குப் போய் வந்தால் வேறு. காம்பாக்டிங்கில் அமுக்கி வந்தால் வேறு. வாங்கினவர் வீட்டில் துவைத்துக் காயப்போட்டால் இன்னொன்று. இவற்றில் துணியின் ‘சொந்த’ அகலம் எது? துணி ஆய்வாளர்கள் உலர் தளர்நிலை, ஈரத் தளர்நிலை, முழுத் தளர்நிலை என்று பெயர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். சொந்த நிலை எது என்று சண்டைபோடவில்லை. எந்த நிலையில் அளந்தாய் என்று மட்டும் கேட்டார்கள்.

உடம்பும் இப்படித்தான் என்று காட்டியவர் ஒய்.சி. ஃபங். சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். விமானச் சிறகுகளின் கணக்கிலிருந்து உடம்பின் கணக்குக்கு வந்தவர். 1919-ல் பிறந்து 2019-ல், நூறு வயதில் இறந்தார். முயலின் குடல்தாங்கிச் சவ்வை இழுத்துப் பார்த்து 1967-ல் அவர் எழுதியது இன்றும் எங்கள் துறைக்கு அடிப்படை. சவ்வை இழுக்க இழுக்க அதன் இறுக்கமும் கூடிக்கொண்டே போகிறது. முதலில் இளகிக் கொடுத்து, பிறகு சட்டென்று விறைத்துக்கொள்கிறது. பின்னல் துணியும் இதையே செய்கிறது. முதல் இழுப்பில் வளையங்கள் நிமிர்கின்றன. அவை நிமிர்ந்து முடிந்ததும் நூலே இழுபட வேண்டியிருக்கிறது. சவ்வில் அந்த நூலின் இடத்தில், அலை அலையாக வளைந்து கிடக்கும், கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள்.

ஆனால் ஃபங்கின் சோதனையில் தத்துவக்காரர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இன்னொன்று. திசுவை முதல்முறை இழுத்தால் ஒரு வளைகோடு வரும். விட்டுவிட்டு இரண்டாம் முறை இழுத்தால் அதே கோடு வராது. மூன்றாம் முறை இன்னும் கொஞ்சம் நகரும். பல முறை இழுத்து விட்ட பிறகுதான் கோடு ஒரே இடத்தில் படியும். அந்தப் படிந்த கோட்டைத்தான் எழுதிவைக்கிறார்கள். ஆரம்ப இழுப்புகள் குப்பைக்குப் போகும். பழக்கப்படுத்திய திசுவின் குணத்தைத் திசுவின் குணம் என்று பதிகிறோம். பிறகு 1980-களில் அவரும் வேறு சிலரும் இன்னொன்றைக் கவனித்தார்கள். உள்ளே ரத்த அழுத்தமே இல்லாமல் வெளியே எடுத்து வைத்த தமனியை ஒரு வளையமாக நறுக்கி, அந்த வளையத்தை ஓர் இடத்தில் வெட்டினால், அது தானாக விரிந்து திறந்துகொள்கிறது. எந்தச் சுமையும் இல்லாதபோதும் அதற்குள் இறுக்கம் இருந்திருக்கிறது. என் கம்ப்யூட்டர் கால், ஸ்கேனில் படுத்திருந்த ஒருவரின் காலிலிருந்து வந்தது. அந்தப் படுக்கை நிலைக்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்துக் கணக்கைத் தொடங்குகிறேன். அங்கே பூஜ்யம் எதுவும் இல்லை.

பொருளின் இயல்பு என்ன என்று இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்திருக்கின்றன. என் அனுபவத்தில் இயல்பு என்று நாம் தொட்டுப் பார்ப்பதெல்லாம் ஏதோ ஒன்று நடந்து முடிந்த பிறகான நிலை. அதற்கு முந்தியதைத் தேடிப் போனால் அதற்கும் முந்தியது ஒன்று நிற்கிறது.

கொலாஜன் என்று எழுதிவிட்டுச் சென்னையைத் தாண்டிப் போக முடியாது. 1952-ல், முப்பது வயதை ஒட்டியிருந்த ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். அங்கே வந்துபோன படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்ல, இவர் அதைப் பிடித்துக்கொண்டார். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அதன் மூலம் கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ் கதிரில் காட்டிப் படம் எடுத்தார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் ‘நேச்சர்’ இதழில், கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்தது என்று எழுதினார். அடுத்த ஆண்டு, அந்த மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றியிருக்கின்றன என்று திருத்தினார். கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள்: உங்கள் அமைப்பில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன.

இருக்கக் கூடாத நெருக்கம் என்றால் எவ்வளவு? அதை யார் முடிவு செய்தது? ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு உட்காராமல் அந்தக் கேள்வியையே கையில் எடுத்தார். அதுவரை வெளியான படிக அமைப்புகளில் அணுக்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்கியிருக்கின்றன என்று தொகுத்தார். பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டார். இரண்டையும் 360 டிகிரிக்கும் நகர்த்தி நகர்த்தி, எந்தச் சேர்க்கையில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, எதில் முட்டாமல் நிற்கின்றன என்று கணக்கிட்டார்கள். மேசைமேல் வைத்த கணக்கு இயந்திரங்களில் நடந்த வேலை. 1963-ல் வெளிவந்தது. உலகத்தின் எந்த உயிர்வேதியியல் பாடநூலைத் திறந்தாலும் இருக்கும் ராமச்சந்திரன் வரைபடம் அதுதான். எங்கள் தொழிலின் கண்ணால் பார்த்தால், கிண்டியில் நடந்த ஒரு பாராமீட்டர் ஸ்டடி.

அந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இரட்டை எல்லை. அணுக்களுக்கு இடையே வழக்கமான குறைந்தபட்ச தூரத்தை வைத்தால் அனுமதிக்கப்பட்ட பகுதி இவ்வளவு. அந்த தூரத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் இவ்வளவு. எந்த எண்ணை வைத்துச் சொல்கிறாய் என்று யாரும் கேட்பதற்கு முன்பே இரண்டு கோடுகளாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இரண்டு கோட்டுக்கும் வெளியே வரைபடத்தின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே எந்தத் தளர்த்தலுக்கும் இடமில்லை.

இதே ராமச்சந்திரன் பிற்காலத்தில் பெங்களூரில் இருந்தபோது, 1980-களில், தர்க்கத்தின் பக்கம் திரும்பினார். சமணர்களின் ஸ்யாத்வாதத்திலிருந்து உந்துதல் பெற்று ‘ஸ்யாத் நியாய முறை’ என்ற கணிதத் தர்க்கம் ஒன்றை அமைத்தார். கொலாஜனையும் வரைபடத்தையும் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பெரியவரின் ஓய்வுக்கால விளையாட்டு என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது ஒரே ஆளின் ஒரே வேலையின் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது.

திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போனால் ஊத்துக்குளி தாண்டி விஜயமங்கலம் வரும். அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர் என்பது வழக்கு. கொங்கு மண்ணுக்குச் சமணம் வெளியூர்ச் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சமயத்தின் ஸ்யாத்வாதம் சொல்வது இது: ஒரு பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும் நான்கைச் சேர்த்துச் சொல். அது என்ன பொருளால் ஆனது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த நிலையில். திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்பார்கள். இந்தக் குடம் மண்குடமாக, இங்கே, இப்போது, சிவப்பாக இருக்கிறது. பொற்குடமாக, மதுரையில், போன வருஷம், கறுப்பாக இல்லை. இருக்கிறது என்பதும் இல்லை என்பதும் ஒரே குடத்தைப் பற்றித்தான், இரண்டும் உண்மைதான்.

கொழுப்பின் இறுக்கத்துக்குப் பத்து மடங்கு வித்தியாசம் வந்த கதையை இதோடு வைத்துப் பாருங்கள். என்ன திசு, உடம்பின் எந்த இடம், எந்த வயது அல்லது இறந்து எத்தனை மணி நேரம், என்ன வெப்பத்தில் எத்தனை முறை இழுத்த பிறகு. திசுவின் எண்ணைப் பட்டியலிடுகிறவர் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதே நான்கு. நான்கையும் நிரப்பினால் முரண் கரைந்துவிடுகிறது. ஒன்றை விட்டால் இரண்டு நல்ல ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி சங்கரர். பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் சமணரை மறுக்கும் சூத்திரத்துக்கு உரை எழுதும்போது அவர் கேட்பது இரண்டு. ஒரே பொருளில் ஒன்றுக்கொன்று எதிரான தன்மைகள் எப்படி ஒரே சமயத்தில் தங்கும்? அது முதல் கேள்வி. நான்கு கட்டங்களே அதற்குப் பதில். இரண்டாவதுதான் குத்தும். எல்லாமே ஒரு வகையில் இப்படி, ஒரு வகையில் அப்படி என்றால், உன் போதனையும் அப்படித்தானே? நிச்சயமில்லாத ஒன்றை நம்பி ஒருவன் எப்படிக் காரியத்தில் இறங்குவான்? அயர்ன் மாஸ்டர் கேட்டதும் இதையேதான். அவர் காலுறைக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். அவரிடம் போய் வரம்பைக் காட்டி என்ன பிரயோசனம்?

ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்கிற சமணரின் அனேகாந்தத்தை ‘எல்லாருடைய கருத்தும் சரிதான்’ என்று மேடையில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சங்கரரின் அடி விழ வேண்டியது அவர்கள்மேல். ராமச்சந்திரன் வரைபடத்தின் வெறுமையான பகுதியைப் பாருங்கள்: எல்லா நிலைப்பாட்டுக்கும் இடம் கொடுத்துப் பார்த்த பிறகும் அங்கே ஒன்றும் நிற்கவில்லை. எண்களை நகர்த்திப் பார்ப்பதன் பலனே, எதை நகர்த்தினாலும் நகராதது எது என்று தெரிந்துகொள்வது. என் காலில் ஓட்டிப் பார்த்ததில், கொழுப்பின் எண்ணை வரம்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோனாலும், முன்னங்காலில் எலும்பின் விளிம்பு துருத்தும் இடத்தில் அழுத்தம் அதிகமாகவே நிற்கிறது. அங்கே வளைவின் ஆரம் சிறியது, அவ்வளவுதான். இதை எந்த ‘அப்படியானால்’ இல்லாமலும் சொல்லலாம். உள்ளே சிரை எவ்வளவு சுருங்குகிறது என்பதோ கொழுப்பின் எண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதை நிபந்தனையோடுதான் சொல்ல வேண்டும். ஆக, நிபந்தனை எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டவைக்கிற ஸ்டிக்கர் இல்லை. எந்த வாக்கியத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக் கொடுக்கும் வேலையை முடிக்காமல் ‘எல்லாம் பொறுத்தது’ என்று எழுந்து போவதுதான் நழுவல்.

அளப்பதற்கும் ஸ்யாத்வாதத்துக்கும் உள்ள இந்த உறவை நான் முதலில் கண்டுபிடித்துவிடவில்லை. புள்ளியியலை இந்தியாவில் வேரூன்றச் செய்த பி.சி. மகலனோபிஸ், 1954-ல் ஸ்யாத்வாதத்தையும் நிகழ்தகவையும் இணைத்து எழுதினார். மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் ‘சாங்க்யா’ இதழில் அதைத் தொடர்ந்தார். இருவரும் அளப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஸ்யாத்வாதத்தில் நாலாவதாக ஒரு விடை உண்டு: அவக்தவ்யம், சொல்ல இயலாதது. இதைப் படிக்கிற மாணவர்கள் மழுப்பல் என்பார்கள். சிமுலேஷன் ஓட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சில சேர்க்கைகளில் கணக்கு பாதியில் நின்றுவிடும். ஒரு சிறு கட்டம் உள்ளுக்குள் புரண்டுவிட்டது, நெகட்டிவ் ஜாகோபியன் என்று திரையில் வரும். அந்தச் சேர்க்கையில் கால் அழுத்தத்தைத் தாங்கவில்லை என்று அர்த்தமா? இல்லை. தாங்கியது என்றா? அதுவும் இல்லை. கணக்கு வாயை மூடிக்கொண்டது. அவசரக்காரர்கள் அந்த ஓட்டங்களைச் சத்தமில்லாமல் எடுத்துப்போட்டுவிட்டு மீதியை வரைபடமாக்குவார்கள். நின்றுபோனவை பெரும்பாலும் மிக இளகிய கொழுப்பு, மிக அதிக அழுத்தம் உள்ள மூலையைச் சேர்ந்தவை. அவற்றை நீக்கினால் மிஞ்சுவது இறுகிய கால்களின் கதை மட்டும். ராமச்சந்திரனின் தர்க்கத்தில் ஒரு கூற்றுக்கு இரண்டு இடங்கள் உண்டு. உண்மை என்றால் (1, 0), பொய் என்றால் (0, 1), இரண்டுக்கும் வாய்ப்புண்டு என்றால் (1, 1), இரண்டுமே பொருந்தாது என்றால் (0, 0). ஐயமும் முரணும் வேறு வேறு என்று இவ்வளவு சிக்கனமாக எழுதிக் காட்டியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நின்றுபோன ஓட்டத்தை நான் ஐயத்தின் கணக்கில் எழுதி வைக்கிறேன். சாக்குப்போக்கு இல்லை, அது ஒரு பதிவு.

இந்த வாதங்களுக்கெல்லாம் பின்னால் சமணர்களுக்கு ஒரு காரணம் இருந்தது: உயிர்க்கொலை கூடாது. அதை மறந்துவிட்டு அவர்களைத் தர்க்கக்காரர்களாக மட்டும் படிப்பது நியாயமில்லை. தமிழ்ச் சமணத்தின் வாத நூலான நீலகேசி ஒரு பலியில்தான் தொடங்குகிறது. காளிக்கு விலங்குகளைப் பலிகொடுக்க வந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்ற துறவி, மண்ணால் உருவம் செய்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். அதனால் கோபம் மூண்டு, முனிவரை விரட்ட வரும் நீலி என்ற தேவதையே பிறகு அவருடைய மாணவியாகி, ஊர் ஊராகப் போய் மற்ற சமயத்தாரோடு வாதிடுகிறாள். விலங்குக்குப் பதிலாக மண் உருவம். நான் செய்வதும் அதுவே. என் கெண்டைக்கால் எண்களால் ஆன மண்பொம்மை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் நசுக்கலாம், யாருக்கும் வலிக்காது.

ஆனால் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. பொம்மைக்குள் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஒரு முயலிலிருந்தோ, பன்றியிலிருந்தோ, தானமாகக் கிடைத்த மனித உடலிலிருந்தோ வந்தது. பலியைத் தவிர்த்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்து நிற்க முடியாது. நடந்த பலிகளை வீணாக்காமல் பயன்படுத்துகிறேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். எந்த விலங்கு, எந்த நிலையில் என்று குறிப்பிடாமல் அந்த எண்ணை எடுத்தாள்வதை நான் தொழில் குறையாக மட்டும் பார்ப்பதில்லை. பாவம் என்ற சொல்லையே அதற்கு வைத்திருக்கிறேன். கல்லூரியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அங்கே ‘மேற்கோள் காட்டாத குற்றம்’ என்று சொல்லிக்கொள்கிறேன்.

அயர்ன் மாஸ்டருக்குப் பதில் உண்டு; இரண்டு துண்டாக உண்டு. சரியாகுமா என்றால், ஆகாது. புடைத்த நரம்பைக் காலுறை பழையபடி ஆக்காது. இதற்கு எந்த எண்ணும் வேண்டாம், டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். சாயங்காலம் வீக்கமும் வலியும் எவ்வளவு குறையும் என்றால், அது அவருடைய காலைப் பொறுத்தது. சரியான அளவில் போட்டால் குறைய நல்ல வாய்ப்பு உண்டு. முதல் துண்டை நான் அன்றே சொன்னேன். “செரிங்க, அப்ப வலிக்கு மட்டும்தான்னு சொல்லுங்க” என்று அவர் முடித்துக்கொண்டார். சங்கரர் அவ்வளவு லேசில் விட்டிருக்க மாட்டார்.

படிக்கிறவர்களில் நின்று வேலை செய்கிறவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை. காலுறைப் பெட்டியின்மேல் 20–30 மி.மீ. பாதரசம் என்று அச்சிட்டிருக்கும். அது சோதனைக் கருவியில், கணுக்கால் அளவுக்கு, துணியை இழுத்துப் பார்த்துப் போட்ட எண். உங்கள் காலில் எடுத்தது இல்லை. காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து, அந்த அளவைக் கடையில் சொல்லி வாங்குங்கள். சர்க்கரை இருந்தாலோ, நடந்தால் கால் குடைச்சல் எடுத்து நின்றால் விட்டுவிடும் என்றாலோ, டாக்டர் பாதத்து நாடியைப் பார்த்துச் சொல்லாமல் போடாதீர்கள். காலுக்குப் போகும் ரத்தமே குறைவாக இருக்கிறவருக்கு இந்தக் காலுறை கெடுதல் செய்யும்.